பின்னால் ஓர் ஆள் இருப்பது பற்றிய விசாரணை

நெடும்பயண மோட்டார் சைக்கிள் ஒப்பீட்டு வாரியத்தில் எந்த மோட்டார் சைக்கிளும் ஓடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று யாரும் என்னோடு சண்டைக்கு வரக் கூடாது. காடு, மலை என்று நாள்கணக்கில் சுற்றுகிறவர்களுக்காகவே செய்த வண்டிகள் இருக்கின்றன அல்லவா, உயரமாக, கனமாக, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு? அவற்றில் எது நல்ல வண்டி என்று நாட்டுக்கு எடுத்துச் சொல்வதுதான் வாரியத்தின் வேலை. அதற்காக வண்டிகளை வாங்கி, ஒரு பெரிய கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து, தரையோடு சேர்த்து போல்ட்டு போட்டு முடுக்கிவிடுவார்கள். வெளியே ஓட்டிப் பார்த்தால் என்ன என்று புதிதாக வந்தவர் எவராவது கேட்டுவிட்டால் போச்சு, இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"சாலைன்னா மேடு இருக்கும், பள்ளம் இருக்கும், வளைவு இருக்கும். இதெல்லாம் வண்டியோட குணமா? சாலையோட குணம். நாம ஒப்பிடறது வண்டியை. சாலை நடுநிலையானது இல்லைங்க. அதை உள்ளே விட்டா நம்ம முடிவே கெட்டுப்போயிடும்" என்பார்.

அவர் ஆயுசில் ஒரு மோட்டார் சைக்கிளில்கூட ஏறியதில்லை. ஏறினால் பாசம் வந்துவிடுமாம். இதை அவர் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் மேடையேறிச் சொல்லுவார், கூட்டமும் கை தட்டும். போன விழாவில் இன்னொன்றும் சொன்னார். "எது நல்ல வண்டின்னு நாம இன்னும் சொல்லலை. அதனால ஜனங்க இன்னும் வாங்கலை. வாங்காததால யாரும் பயணம் போகலை. போகாததால இந்த வருஷம் நெடும்பயண விபத்து ஒண்ணுகூட இல்லை. இதைவிட ஒரு வாரியம் நாட்டுக்கு என்ன செஞ்சிட முடியும்?" அடேங்கப்பா என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வாரியத்தில்தான் நம்மவருக்கு வேலை கிடைத்தது. அவரை முன்னிருக்கைக்காரர் என்று சொல்லிவிடுவோம், வாரியத்தில் அவருக்கு அதுதான் பெயர். அதற்கு முன்னால் அவர் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தார். பாதி ஆயுள் அடுத்தவர் காலடியில் குந்தியபடியே கழிந்தது. கடையை மூடிவிட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். பிள்ளை குட்டி கிடையாது. ஒரு சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். கட்டில் ஒன்று, நாற்காலி இரண்டு. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த சட்டைகள் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள். மற்ற நாட்களில் அவர் பேசுகிற பேச்சு எல்லாம் சேர்த்தால் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

வேலைக்கான தேர்வு விசித்திரமாக இருந்தது. ஈரக் களிமண் பரப்பிய ஒரு தட்டில் அவரை உட்காரச் சொன்னார்கள். எழுந்ததும் அதிகாரிகள் குனிந்து அச்சைப் பார்த்தார்கள், அளவுகோலை வைத்து அளந்தார்கள். ஒருவர் கண் கலங்கிவிட்டார். நாட்டு மக்கள் அத்தனை பேரையும் கூட்டிக் கழித்து வகுத்தால் என்ன அளவு வருமோ, மயிரிழை பிசகாமல் அதே அளவு.

"இத்தனை வருஷமா எங்கே இருந்தீங்க?" என்று இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவரே அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, வேலை கிடைச்சிடுச்சு."

"என்ன வேலைடா?"

"உக்கார்ற வேலை."

"அதைத்தான் வீட்டுலயே பண்ணிட்டிருந்தியே."

கூடத்தில் மூன்று வண்டிகள் இருந்தன. கம்பெனிப் பெயர் காதில் விழுந்தால் மனசு சாயும் என்று அவற்றுக்கு 'அ', 'ஆ', 'இ' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'அ' சிவப்பு, முன்னால் மூக்கு நீண்டு, சீட்டுக்குள் ஜெல் மெத்தை வைத்தது. 'ஆ' சாம்பல் நிறம், மலை மாதிரி கனம். 'இ' மஞ்சள். அதன் சீட்டை வண்டிக்காகச் செய்தார்களா, பள்ளிக்கூடத்துப் பெஞ்சிலிருந்து அறுத்து எடுத்தார்களா என்பது இன்றுவரை தெரியவில்லை.

அதிவேக நிலைத்தன்மைக்கு என்று ஓர் அதிகாரி. வண்டிக்கு எதிரே ஆளைவிட உயரமான மின்விசிறியை வைத்து, நெடுஞ்சாலை வேகத்துக்குக் காற்றைக் கிளப்புவார். வண்டியின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே, பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். போல்ட்டு போட்ட வண்டி எங்கே ஆடப்போகிறது? "நூத்தி ஐம்பதுலயும் தளும்பலை பாருங்க!" என்று பூரித்துப்போவார். மூன்றுக்கும் முழு மதிப்பெண். மூன்றும் சமமாக அசையாமல் இருந்தால் அப்புறம் ஒப்பீடு என்னாவது? ஆகவே எந்த வண்டி அதிகமாக அசையாமல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். ஒரு நாள் போல்ட்டு கழன்று 'அ' வண்டி கிடுகிடுவென்று ஆடி, முன்னிருக்கைக்காரர் டம்ளரோடு கீழே விழுந்தார். நிலைத்தன்மை அதிகாரி உடனே நடவடிக்கை எடுத்தார். தரையின் மேல் புகார் எழுதினார். தரையை மாற்றினார்கள்.

இருக்கை சுகத்துக்கு இன்னோர் அதிகாரி. சௌகரிய அதிகாரி என்பார்கள். வயசில் சின்னவர், மனசில் ஈரம் உள்ளவர், அதனால் பதவி உயர்வு கிடைக்காதவர். முன்னிருக்கைக்காரர் காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்க வேண்டும். நடுவே சாப்பாட்டுக்கு மட்டும் விடுதலை. சௌகரிய அதிகாரி அவ்வப்போது வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பார். 'வலிக்கிறது' என்று சொல்லக் கூடாது, கம்பெனிக்காரர்கள் வழக்குப் போடுவார்கள். 'சுகம்', 'ஏற்கத்தக்கது', 'மறுபரிசீலனைக்குரியது', எல்லாவற்றுக்கும் கீழே 'குறிப்பிட இயலாதது'. இந்த நான்கில் ஒன்றைத்தான் சொல்லலாம். 'இ' வண்டியில் உட்கார்ந்த நாட்களில் அவர் குறிப்பிட இயலாத நிலையிலேயே வீட்டுக்குப் போய், குப்புறப் படுத்துக்கொள்வார்.

பயணம் போகிற உணர்ச்சி வர வேண்டுமே என்று விசிறிக்கு மேலே ஒரு நீளத் திரையைச் சுழலவிட்டிருந்தார்கள். மலை, பாலம், ஒரு மாடு. மறுபடி மலை, பாலம், அதே மாடு. பின்னிருக்கையில் உடன்பயணி. உடன்பயணி என்றால் மணல் மூட்டை. வாரிய விதியில் அப்படித்தான் எழுதியிருந்தது. பாதுகாப்புப் பிரிவு வற்புறுத்தியதால் மூட்டைக்கு ஹெல்மெட் போட்டிருந்தார்கள். வருகைப் பதிவும் உண்டு. நேரம் தவறாமைக்கான பரிசை அந்த வருஷம் மூட்டைதான் வாங்கியது. முன்னிருக்கைக்காரர் வரிசையில் நின்று கை தட்டினார். சும்மா சொல்லக் கூடாது, அவருக்கு அதன் மேல் பொறாமையே இல்லை. காலையில் வந்ததும் "என்ன, சௌக்கியமா?" என்று அதைத்தான் விசாரிப்பார், வேறு யாரை விசாரிப்பது.

மூட்டையின் அடியில் எலி கடித்து மணல் கொட்டிவிட்டது. எடை குறைந்துபோனது. எடை குறைந்த உடன்பயணியை எந்த விதியின் கீழ் நிறுத்திவைப்பது என்று தெரியாமல், அதை மருத்துவ விடுப்பில் அனுப்பினார்கள். அது குணமாகி வரும்வரை தற்காலிகமாக, அதே எடையுள்ள ஒரு பெண்மணியை வேலைக்கு எடுத்தார்கள்.

அந்தம்மா அதற்கு முன் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியே வருஷக்கணக்கில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. கொட்டகை போய்விட்டது, தொண்டை மட்டும் மிச்சம். விசிறிச் சத்தம் அதற்கு எம்மாத்திரம்?

"என்னங்க முன்னாடி! உயிரோட இருக்கீங்களா?"

முன்னிருக்கைக்காரர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். இத்தனை நாளும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

"இருக்கேங்க."

"அப்ப கொஞ்சம் அசையுங்க. மூட்டைக்குப் பதிலா என்னை எடுத்தாங்கன்னு சொன்னாங்க. பார்த்தா முன்னாடியும் ஒரு மூட்டையை வச்சிருக்காங்களோன்னு பயந்துட்டேன்."

அன்றையிலிருந்து அவர் 'முன்னாடி', அந்தம்மா 'பின்னாடி'. பெயரைக் கேட்டுக்கொள்ள இருவருக்கும் தோன்றவில்லை. முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. முன்னிருக்கையும் பின்னிருக்கையும் கலந்து பேசினால் முடிவு கெடும் என்று தனித்தனி வாசல், தனித்தனிச் சாப்பாட்டு அறை. ஹெல்மெட் மாட்டித்தான் கூடத்துக்குள் நுழைய வேண்டும். வண்டியின் பக்கக் கண்ணாடிகளையும் கழற்றியிருந்தார்கள், கண்ணாடிகளை ஒப்பிடுவது வேறு வாரியத்தின் பொறுப்பாம். ஆக, அந்தம்மா என்றால் அவருக்கு ஒரு குரல், சட்டையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்ட இரண்டு கையுறைகள், அவ்வளவுதான்.

"அதோ பாருங்க, நம்ம மாடு வந்துடுச்சு."

"அதே மாடா?"

"காலைலேர்ந்து கூடவே வருது, பாவம். இந்தப் பாலத்தைத் தாண்டினதும் நிறுத்துங்க, டீ குடிக்கலாம்."

"கடையே இல்லையேங்க."

"வரைஞ்சவனுக்கு மறந்துபோச்சு. அதுக்காக நாம டீ குடிக்காம இருக்கறதா? நிறுத்துங்கன்னா."

அவர் நிறுத்தினார். அதாவது, போல்ட்டு போட்ட வண்டியில் இருந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். இரண்டு பேரும் விசிறிக் காற்றில் டீ குடித்தார்கள். நிலைத்தன்மை அதிகாரி ஓடிவந்து, கால் ஊன்றியதற்குக் காரணம் கேட்டு எச்சரித்துவிட்டுப் போனார்.

பேசுவதற்கு என்ன குறைச்சல்! அவர் செருப்புக் கடைக் கதையைச் சொன்னார், காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டார். "என் காலைப் பார்த்துச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் அந்தம்மா. அவர் குனிந்து பார்த்தார். வாரியம் கொடுத்த பூட்ஸ். அதைப் பார்த்து என்னத்தைச் சொல்வது? "சரி விடுங்க, தெரியாமலே இருக்கட்டும்" என்று பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அந்தம்மா கொட்டகைக் கதைகளைச் சொன்னார். வாரம் தவறாமல் ஒருவர் வந்து இரண்டு டிக்கெட் வாங்குவாராம். வருவது மட்டும் ஒற்றை ஆள்.

"எதுக்கு ரெண்டு?"

"நானும் கேட்டேன். பக்கத்துல தெரியாதவங்க யாரும் உக்காந்துடக் கூடாதாம். காலியா இருந்தா, வரவேண்டியவங்க லேட்டா வர்றாங்கன்னு நினைச்சுக்குவாராம்."

திரையில் மலை போயிற்று, பாலம் போயிற்று.

"முன்னாடி, உங்க வீட்டுல யாரெல்லாம்?"

"யாரும் இல்லைங்க."

"எனக்கும் யாரும் இல்லை. தங்கச்சி வீட்டுல இருக்கேன், வீடு நிறைய ஆளு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில், "என்னடா, குரலே மாறிக் கிடக்கு? சளியா?" என்று கேட்டாள். சளி இல்லை என்றார். சட்டைகளை நாற்காலியிலிருந்து எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். ஏன் வைத்தோம் என்று அவருக்கே சிரிப்பாக வந்தது. திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. சௌகரிய அதிகாரி வந்து, "'இ' வண்டி எப்படி இருக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டார். முன்னிருக்கைக்காரர் மாட்டுக் கதை ஒன்றின் நடுவில் இருந்தார். யோசிக்காமல், "சுகம்" என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே போட்டுவிட்டார். மறுநாள் கேட்டார், சுகம். 'அ' வண்டியில் கேட்டார், சுகம். 'ஆ'விலும் சுகம். 'இ' வண்டியின் சீட்டை அறுத்துப் பார்த்தார்கள். அதற்குள் மெத்தை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. சீட்டையே எடுத்துவிட்டு மரப்பலகையை வைத்து அறைந்தார்கள். பலகையில் உட்கார்ந்தபடி அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், அந்தம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "சுகம்" என்றார். செய்தி வெளியே கசிந்தது. ஜெல் மெத்தைக்காகக் கோடி கோடியாகக் கொட்டிய 'அ' கம்பெனிக்காரர்கள் வாரியத்தின் வாசலில் வந்து தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இயக்குநர் கூடத்துக்கு வந்து, விசிறியை நிறுத்தச் சொல்லி, வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். பின்னிருக்கையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"துணைப் பிழை" என்றார். அப்படி ஒரு பிழை அதுவரை உலகத்தில் கிடையாது, அவரே அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்தது. "பின்னால ஆள் இருக்கறதால முன்னால இருக்கறவருக்கு வலி தெரியாமப் போகுதுன்னா, நாம ஒப்பிடறது வண்டியை இல்லை. வேற எதையோ ஒப்பிட்டுக்கிட்டிருக்கோம். அதுக்கு நமக்கு அதிகாரம் இல்லை." விசாரணைக்குத் தேதி குறித்தார்கள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் சௌகரிய அதிகாரி முன்னிருக்கைக்காரரை ஓரமாக இழுத்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. வித்தியாசம் இருக்குன்னு நீங்க ஒத்துக்கிட்டா, அந்தம்மா பிழைன்னு ஆயிடும். பிழையை வாரியம் வச்சுக்காது, அன்னைக்கே அனுப்பிடுவாங்க. யோசிச்சுப் பேசுங்க."

"அப்ப இல்லைன்னு சொன்னா?"

"இல்லைன்னா பிழையே இல்லையே."

அவர் விடிய விடிய யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பொய். காலில் சேராத செருப்பை 'உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு' என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய். இன்னும் ஒரு தடவை சொன்னால் வாய் என்ன தேய்ந்தா போய்விடும்? சொல்லிவிட்டால் காலம் பூராவும் மலை, பாலம், மாடு என்று போய்க்கொண்டே இருக்கலாம். நிம்மதியாகத் தூங்கினார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அந்தம்மா, மேசைக் கோடியில் இயக்குநர். அப்போதுதான் அவர் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். குரலுக்குச் சம்பந்தமே இல்லாத சின்ன முகம். காதோரம் நரை. மூக்கில் கண்ணாடி போட்ட தழும்பு. கண்ணில் ஒரு குறும்பு, அது மட்டும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஓ, நீங்கதானா முன்னாடி? நான் இன்னும் கொஞ்சம் குண்டா நினைச்சிருந்தேன்."

இயக்குநர் மேசையைத் தட்டினார். "சாட்சிகள் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரிஞ்சுக்கக் கூடாது." பிறகு அந்தம்மாவிடம், "பின்னிருக்கையில உக்காரும்போது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

"எது நல்லா இருக்கு? மெத்தையா, சஸ்பென்ஷனா, கால் வைக்கற கம்பியோட உயரமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. காலைல கண்ணு முழிச்சா, சீக்கிரம் வேலைக்குப் போகணும்போல இருக்கு."

"'போகணும்போல'ங்கறது அளவீடு இல்லை. நீக்கிடுங்க" என்றார் இயக்குநர். நீக்கினார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இந்தம்மா பின்னால இருக்கறதுக்கும் மணல் மூட்டை இருக்கறதுக்கும் உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

அந்தம்மா முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, என்ன சொல்லப்போகிறார் என்று ஆசையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னிருக்கைக்காரர் அந்தப் பார்வையைத் தவிர்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"இல்லைங்க."

"சத்தமா."

"வித்தியாசம் இல்லைங்க."

"மூட்டை மாதிரியேதானா?"

"மூட்டை மாதிரியேதான்."

சொல்லி முடித்ததும் அப்பாடா என்று இருந்தது அவருக்கு. காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார், ஐயோ பாவம். பார்வையை இறக்கினார். அந்தம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்திருந்தார். மடியில் இருந்த கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எழுந்து நின்றே பேசினார்.

"வாரியத்தோட மானம் காப்பாத்தப்பட்டது. துணைப் பிழைன்னு ஒண்ணு கிடையாது. நம்ம முடிவுகள் அத்தனையும் செல்லும், மரப்பலகை உட்பட. இதைச் சாத்தியமாக்கினது இந்த நேர்மையான சாட்சியம். இன்னொண்ணும் தெளிவாயிடுச்சு. வித்தியாசமே இல்லாத இடத்துல ஒரு மனுஷியை உக்கார வச்சுச் சம்பளம் கொடுக்கறது பொதுப்பணத்துக்குச் செய்யற துரோகம். மூட்டையும் குணமாகி வந்துடுச்சு. தைச்ச இடம்கூடத் தெரியலை. அம்மா, நீங்க இன்னையிலேர்ந்து வீட்டுல இருக்கலாம்."

முன்னிருக்கைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஐயா, நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று எழுந்தார்.

"விசாரணை முடிஞ்சிடுச்சுங்க" என்றார் இயக்குநர் கனிவாக. "நீங்க சொல்ல வேண்டியதை எல்லாம் அழகா சொல்லிட்டீங்க."

தனித்தனி வாசல் என்பதால் அவர் கட்டடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி ஓட வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் அந்தம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். இவருக்கு மூச்சு வாங்கியது. விசிறி இல்லாத இடத்தில் எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

"வித்தியாசம் இருக்குங்க" என்றார். "ரொம்ப இருக்கு. இருக்குன்னு சொன்னா உங்களை அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்க. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

அந்தம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, அதுவும் இல்லை.

"அனுப்பினா அனுப்பட்டுமேங்க. எப்படியும் அனுப்பத்தான் போறாங்க. மூட்டை வந்தா நான் போகவேண்டியவதானே. போகும்போது ஒருத்தர் வாயால அதைக் கேட்டுட்டுப் போயிருப்பேன். அத்தனை பேருக்கு முன்னாடி."

"இப்பத்தான் சொல்லிட்டேனே."

"இப்ப சொல்றீங்க" என்றார் அந்தம்மா. "உங்களுக்கு இளகின மனசு. யாரு மனசும் நோகக் கூடாதுன்னு எதையாவது சொல்லிடுவீங்க. இதுல எது நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

பஸ் வந்தது. கூட்டம் அந்தம்மாவை முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. எந்த ஜன்னலில் உட்கார்ந்தார் என்று இவர் தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் அவர் வாரிய அலுவலகத்தில் போய் விலாசம் கேட்டார். மூட்டையைத் தைத்தவர் யார், மணல் எந்த ஆற்றில் எடுத்தது என்பதெல்லாம் சொன்னார்கள். தற்காலிக ஆட்களின் விலாசத்தை வாரியம் வைத்துக்கொள்வதில்லையாம். அக்கா போன் செய்தபோது, சளிதான் என்றார்.

மூட்டை வந்து உட்கார்ந்தது. 'இ' வண்டி பழையபடி குறிப்பிட இயலாததாயிற்று. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்குள் வாரியத்தின் அறிக்கை அச்சாகிவிட்டது. எது நல்ல வண்டி என்று அதில் இல்லை. ஆனால் ஒரு முடிவைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நெடும்பயணத்தில் பின்னால் ஆள் இருப்பதாலோ இல்லாததாலோ ஓட்டுகிறவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை, இது நாட்டின் சராசரி மனிதரைக் கொண்டு ஐயந்திரிபற நிறுவப்பட்டது.

கம்பெனிக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு படித்தார்கள். பின் சீட்டு, அதற்கு மெத்தை, கால் கம்பி, பிடி என்று எத்தனை வீண் செலவு! அந்த வருஷமே 'அ', 'ஆ', 'இ' மூன்றும் ஒற்றை சீட்டோடு வந்தன. பின் சீட்டு இருந்த இடத்தில் ஒரு பெட்டி. மற்றக் கம்பெனிகளும் பார்த்து அப்படியே செய்தன. முன்னிருக்கைக்காரர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எதிரே வண்டிகள் போகும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், அவர் பின்னால் பெட்டி. போகிறவர் யாரும் வாய் திறந்து பேசிக்கொண்டு போகவில்லை. யாரோடு பேசுவார்கள்? இதெல்லாம் யார் வாயால் வந்தது என்பது அவருக்குத் தெரியும். சோறு இறங்குவதில்லை என்று அக்காவிடம் மட்டும் சொன்னார், காரணம் சொல்லவில்லை.

ஒரு நாள் நடுத்தர வயசில் ஒரு கணவனும் மனைவியும் வாரியத்துக்கு வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் புது ஹெல்மெட்.

"எந்தக் கடைக்குப் போனாலும் ஒத்தை சீட்டாவே இருக்குங்க" என்றார் கணவர். "பசங்க பெரிசானதும் ரெண்டு பேருமா நாலு ஊரு பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இவ எங்கே உக்காருவா?"

"ரெண்டு வண்டியா வாங்கிக்குங்க" என்றார் இயக்குநர்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றாள் மனைவி. "தெரிஞ்சாலும் நான் இவரு பின்னாடிதான் உக்காருவேன். இவரு வழி தப்பிப் போனா யாரு திட்டறது?"

இயக்குநர் பொறுமையாகச் சிரித்து, முன்னிருக்கைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். "இவர்தான். நாட்டுலயே சரியான அளவு. இவரையே கேட்டுக்குங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

மனைவி அவரைப் பார்த்தாள். "நீங்களாங்க சொன்னது, வித்தியாசம் இல்லைன்னு?"

"நான்தான் சொன்னேம்மா. பொய் சொன்னேன்" என்றார். இத்தனை நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது பொலபொலவென்று வந்தது. "வித்தியாசம் இருக்கு. பலகையில உக்கார வச்சாங்க, தெரியலை. மாடு ஒண்ணு வரும், வெறும் படம், அதுக்கே சிரிச்சோம். எங்கேயும் போகலை, ஆனா போன மாதிரி இருந்துச்சு. இப்ப ஜெல் மெத்தையில உக்காந்தாலும் உடம்பெல்லாம் நோகுது. எழுதிக்குங்க ஐயா, தயவு செஞ்சு எழுதிக்குங்க. இருக்கு."

சௌகரிய அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப உங்க பின்னால யாரு உக்காந்திருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. மூட்டைதான்."

"ஆள் பின்னால இருந்தப்ப நீங்க சொன்னது நேரடி அனுபவம். இப்ப ஆள் இல்லை. இல்லாத ஆளைப் பத்தி நீங்க சொல்றதை வாரியம் எப்படிங்க ஏத்துக்கும்? வேணும்னா நீங்களே ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. உக்கார வச்சுக் கேப்போம்."

விலாசம்கூடத் தெரியாத ஆளை அவர் எங்கே போய்க் கூட்டிவருவார்?

கணவனும் மனைவியும் எழுந்தார்கள். இவர் மாடிப்படி வரை அவர்கள் கூடவே போனார், போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர்கள் படி இறங்கும்போது மனைவியின் குரல் மேலே கேட்டது.

"விடுங்க. வண்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம். பஸ்ஸுலயே போகலாம். பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கலாம்."

"ஜன்னலோரம் எனக்கு" என்றார் கணவர்.

"அதெல்லாம் முடியாது."

கீழே கதவு திறந்து மூடுகிற வரைக்கும் அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூடத்திலிருந்து ஆள் வந்து, விசிறி போட்டாகிவிட்டது, ஏறி உட்காருங்கள் என்று கூப்பிட்டான்.